குழந்தைகளின் மூச்சுக்கும் மதிப்பெண் போடுங்கள்: யோகாசனப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய யோகாசனச் சங்க நிர்வாகிகளுக்கும், நடுவர்களுக்கும், போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். காலையில் பெரியவர்களுக்கும் மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் யோகா சொல்லிக்கொடுப்பது என் தொழில். என் பிள்ளைகளும் உங்கள் மேடைகளில் ஏறியிருக்கிறார்கள், கப்பு வாங்கியிருக்கிறார்கள். உங்களில் பலரை நேரிலேயே தெரியும். கைக்காசு போட்டு மண்டபம் பிடித்து, ராத்திரி முழுக்கச் சான்றிதழில் பெயர் எழுதி, மறுநாள் நின்றுகொண்டே சாப்பிட்டு ஒரு போட்டியை நடத்தி முடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதும் தெரியும். அதனால் சண்டைக்கு வந்தவளின் கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். போட்டியே கூடாது என்று நான் கேட்கவில்லை. எதற்கு மதிப்பெண் போடுகிறோம் என்பதை மாற்றுங்கள் என்று கேட்கிறேன்.

கடந்த பருவத்தில் ஒரு மாவட்டப் போட்டிக்குப் போயிருந்தேன். காலை எட்டு மணிக்கே பிள்ளைகளை வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது வயது இருக்கும் ஒரு சிறுமி, இறுக்கிப் போட்ட கொண்டையும் முதுகில் குத்திய நம்பர் சீட்டுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் பிரிவைக் கூப்பிடும்போது மதியம் மூன்று தாண்டிவிட்டது. சாப்பிட்டால் பின்னால் வளைய வராது என்று அவள் அம்மா குளுக்கோஸ் தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்கவில்லை. மேடையேறியதும் தாடையையும் மார்பையும் விரிப்பில் ஊன்றி, இரண்டு காலையும் தலைக்கு மேலே கொண்டுவந்து, முகத்துக்கு இருபுறமும் பாதங்களைப் பதித்தாள். கண்டபேருண்டாசனம். அரங்கம் கைதட்டியது. நடுவர் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கவாட்டில் நின்றதால் அவள் விலாவைப் பார்க்க முடிந்தது. அது அசையவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. உதட்டில் மட்டும் சொல்லிக்கொடுத்த சிரிப்பு அப்படியே இருந்தது. நேரம் முடிந்து காலை இறக்கியதும், தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தவர்களைப் போல வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான்.

அன்றைக்கு நடுவர்கள் கையிலிருந்த மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தேன். நிலையின் நேர்த்திக்கு ஒரு கட்டம், நின்ற நேரத்துக்கு ஒன்று, நடுக்கமில்லாமைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, உடைக்குக்கூட ஒன்று இருந்தது. மூச்சுக்குக் கட்டமே இல்லை. அந்தத் தாள்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

நாம் எல்லாரும் விழாவைத் தொடங்கும்போது பதஞ்சலியைக் கும்பிடுகிறோம். அவருடைய யோக சூத்திரத்தில் 195 சூத்திரங்கள் இருக்கின்றன. சில பதிப்புகளில் 196. அதில் ஆசனம் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்க அவர் எடுத்துக்கொண்டவை மூன்றே மூன்று. இருப்பு நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது முதலாவது. முயற்சியைத் தளர்த்தி, மனத்தை எல்லையில்லாததில் தோயவிடுவதால் அது கைகூடும் என்பது இரண்டாவது. அப்படிக் கைகூடியவரைக் குளிர், வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்குவதில்லை என்பது மூன்றாவது. அவ்வளவுதான். அடுத்த சூத்திரத்திலேயே மூச்சுக்குப் போய்விடுகிறார். எத்தனை டிகிரி வளைய வேண்டும், எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அந்தச் சிறுமியின் நிலை நிலையாகத்தான் இருந்தது. சுகமாக இருந்ததா? முயற்சி தளர்ந்திருந்ததா? இந்த இரண்டையும் நாம் அவளிடம் கேட்கவே இல்லை.

யோகம் 5,000 ஆண்டு பழமையானது என்று மைக்கில் சொல்லாத விழா கிடையாது. மொகஞ்சதாரோவில் கிடைத்த ஒரு முத்திரையில் கால் மடித்து உட்கார்ந்திருக்கும் உருவத்தை வைத்துத்தான் அந்தக் கணக்கு வந்தது. அந்த உருவம் யோகியா, தெய்வமா, வேறு ஏதாவதா என்பதில் இன்றுவரை ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. எழுத்தில் உறுதியாகக் கிடைப்பதை மட்டும் வைத்துக்கொண்டாலே நம் பெருமைக்குக் குறைவு வராது. கடோபநிடதம் புலன்களை அசையாமல் பிடித்து நிறுத்துவதை யோகம் என்கிறது. புத்தரும் மகாவீரரும் நடந்த காலத்துக் காடுகளில் உட்கார்ந்து மூச்சையும் மனத்தையும் கவனித்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். கீதை மனத்தின் சமநிலையையே யோகம் என்றது. பதஞ்சலி சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி எட்டு உறுப்புகளாக வைத்தார். இவர்களில் ஒருவர்கூட உடம்பு எவ்வளவு வளைகிறது என்பதை அளவுகோலாக வைக்கவில்லை.

அதெல்லாம் வடமொழி நூல்கள், நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். சரி, நம் வீட்டுக்கே வருவோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம், அதாவது மூன்றாம் பகுதி, முழுவதையும் யோகத்துக்கென்றே ஒதுக்கினார். இயமம் (தீயதை விலக்கும் ஒழுக்கம்), நியமம் (நல்லதைக் கடைப்பிடிக்கும் ஒழுக்கம்), ஆதனம் (ஆசனம்), பிராணாயாமம் (மூச்சுப் பயிற்சி) என்று அதே எட்டு உறுப்புகளை அழகு தமிழில் சொல்கிறார். நாம் புழங்கும் பதிப்புகளில் ஆதனத்துக்கு இருப்பவை ஆறு பாட்டு, பிராணாயாமத்துக்குப் பதினான்கு. ஆதனங்களில் அவர் பெயர் சொல்வதும் பத்திரம், கோமுகம், பங்கயம், வீரம், சுகாதனம் என்று பெரும்பாலும் உட்காரும் இருக்கைகளைத்தான். மூச்சுக்கு வரும்போது குரல் ஓங்குகிறது: "ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும் காற்றைப் பிடிக்கும் கணக்கறிவாளர் இல்லை." உள்ளே இழுத்து வெளியே விடும் காற்றின் கணக்கு தெரிந்தவர்கள் இல்லையே என்ற ஏக்கம் அது. தெரிந்துகொண்டவருக்குக் கூற்றுவனையே உதைக்கும் வழி அதுதான் என்று அந்தப் பாட்டை முடிக்கிறார். நம் மேடையில் காலின் கணக்கு இருக்கிறது, முதுகின் கணக்கு இருக்கிறது. காற்றின் கணக்கைத் திருமூலர் அன்று தேடியதுபோலவே இன்றும் தேட வேண்டியிருக்கிறது.

அதே தந்திரத்தில் இயமத்தில் நிற்பவன் எப்படிப்பட்டவன் என்று ஒரு பாட்டு இருக்கிறது. கொல்லான், பொய் கூறான், களவிலான் என்று தொடங்கி, அடக்கமுடையான், "நடுச்செய்ய வல்லான், பகுத்துண்பான்" என்று போகும். நடுவுநிலை தவறாதவன், கிடைத்ததைப் பகிர்ந்து உண்பவன். இது மாணவர்களுக்கு எழுதியது மட்டுமல்ல, நடுவர் நாற்காலியில் உட்காரும் நமக்கும்தான். நம் மாணவர் மேடையில் இருக்கும்போது நாமே மதிப்பெண் போடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை யாரும் சொல்லி நிறுத்த வேண்டியதில்லை, நாமே எழுந்து வேறொருவரை உட்காரச் சொல்லிவிடலாம்.

உடம்பை வைத்து யோகம் செய்யும் ஹட யோகத்தார் என்ன சொன்னார்கள் என்றும் பார்த்துவிடலாம். அவர்கள்தான் நம் ஆசனங்களுக்கு நேரான முன்னோர். 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகையில் விளக்கப்படும் ஆசனங்கள் 15. யோகத்தைக் கெடுப்பவை ஆறு என்று அடுக்கும்போது, அளவுமீறிச் சாப்பிடுவதை முதலில் வைத்து, அளவுமீறி உடம்பை வருத்துவதை அடுத்ததாகச் சொல்கிறது அந்த நூல். பிராணாயாமத்தில் சிங்கத்தையும் யானையையும் புலியையும் பழக்குவதுபோல மெல்ல மெல்லப் பழக வேண்டும், அவசரப்பட்டால் பழகுகிறவரையே அது கொன்றுவிடும் என்றும் எச்சரிக்கிறது. முறையாகச் செய்தால் எல்லா நோயும் போகும், முறை தவறினால் எல்லா நோயும் வரும் என்று அடுத்தே சொல்கிறது. நம் துண்டுப் பிரசுரங்களில் அதன் முதல் பாதி மட்டும்தான் அச்சாகிறது.

அப்படியானால் இந்த மேடை எங்கிருந்து வந்தது? அதுவும் வெகு தூரத்திலிருந்து வரவில்லை. 1933இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். அன்றைக்கு யோகத்தை யாரும் மதிக்கவில்லை. மக்களைத் திரும்பிப் பார்க்க வைக்க அவர் ஊர் ஊராகப் போய்ச் செயல்விளக்கம் காட்டினார், மாணவர்களையும் காட்ட வைத்தார். அந்த மாணவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற யோக ஆசிரியரான பி.கே.எஸ். ஐயங்கார். சின்ன வயதில் காசநோயும் டைபாய்டும் கண்டு மெலிந்திருந்த பையன். ஒரு செயல்விளக்கத்தில், பழகியே இராத ஹனுமானாசனத்தைக் கூட்டத்தின் முன் போடச் சொன்னார்கள். கால்களை நீட்டிப் பிளந்து உட்கார்ந்தார். தொடையின் பின்தசை கிழிந்து நெடுநாள் நடக்கச் சிரமப்பட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தச் செய்தியை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அந்த ஆசிரியரும் அந்த மாணவரும் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஐயங்கார் பெல்ட், மரக்கட்டை, கம்பளி, நாற்காலி என்று துணைப்பொருள்களைக் கொண்டுவந்து, வளையாத உடம்புக்கும் வலிக்காமல் ஆசனம் கிடைக்க வழி செய்தார். கிருஷ்ணமாச்சாரியார் 1950களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார், 1989இல் காலமாகும்வரை இங்கேதான் இருந்தார். சென்னையில் அவர் சொல்லிக்கொடுத்த முறையே வேறு. வந்தவரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, வயது என்ன, தொழில் என்ன, நோய் என்ன என்று கேட்டு, அந்த ஒரு ஆளுக்கென்று பயிற்சி வகுத்தார். ஒவ்வொரு அசைவையும் மூச்சோடு கட்டினார். மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தையின் பெயரில் யோகப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கி அந்த வழியை நிலைநிறுத்தினார். கைதட்டலுக்காகத் தொடங்கிய பாதை ஆளுக்கேற்ற யோகத்தில் போய்ச் சேர்ந்தது. நாமோ அவர்கள் கிளம்பிய இடத்திலேயே நம் பிள்ளைகளை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இப்போது உடம்பைப் பற்றிப் பேச வேண்டும், இதுதான் எனக்கு அதிகம் கவலை தரும் பகுதி.

வளரும் பிள்ளையின் எலும்பு முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. முதுகெலும்பின் கீழ்க் கண்ணிகளில், முன் பாகத்தையும் பின் பாகத்தையும் இணைக்கும் மெல்லிய எலும்புப் பாலம் ஒன்று உண்டு. முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் முழுவதும் மடக்கும்போது அந்த இடத்தில் நுண்விரிசல் விழுகிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும் சிறுமிகளிடமும் கிரிக்கெட் வேகப்பந்து வீசும் பையன்களிடமும் எலும்பு மருத்துவர்கள் இதை வெகுகாலமாகப் பார்த்துவருகிறார்கள். முழு விருச்சிகாசனமும் கண்டபேருண்டாசனமும் பூர்ண சலபாசனமும் மடக்குவது அதே இடத்தைத்தான். ஆசனத்தின் பெயர் மாறியதற்காக எலும்பு வேறு மாதிரி நடந்துகொள்ளாது. இந்த விரிசல் ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காமலும் இருக்கும், அல்லது "கொஞ்சம் பிடிப்பு" என்று எண்ணெய் தடவி விட்டுவிடுவார்கள். பின்னால் வளையும்போது மட்டும் இடுப்புக்குக் கீழே ஒரு பக்கமாக வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்றே பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். "போட்டி முடியட்டும்" என்று தள்ளிப் போடுவதுதான் நம்மிடம் இருக்கும் வழக்கம்.

இன்னொன்று. "இவ உடம்பு ரப்பர்" என்று நாம் கொண்டாடித் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளில் கணிசமானோருக்கு மூட்டு இயல்பிலேயே தளர்வாக இருக்கும். கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடும். முழங்கையை நீட்டினால் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் போகும். பெரும்பாலோருக்கு இது நோயல்ல. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது மூட்டைச் சுற்றிய தசைக்குப் பலம். நாம் கொடுப்பதோ மேலும் மேலும் நீட்டல். நன்றாக வளையும் பிள்ளையின் முதுகில் ஏறி நின்று இன்னும் கொஞ்சம் அழுத்துகிற மாஸ்டர்களைப் பயிற்சிக்கூடங்களில் பார்க்கிறேன். பிள்ளை அழுதால் "அழுதாத்தான் பழகும்" என்கிறார்கள். அகிம்சையை முதல் இயமமாக வைத்திருக்கும் ஒரு கலையைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இது நடக்கக் கூடாது. வளையாத பிள்ளையின் நிலைமை வேறு மாதிரி வருத்தம் தருகிறது. "உனக்கு யோகா வராது" என்று அவனை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். உண்மையில் யோகா அதிகம் பயன்படுவது அந்தப் பையனுக்குத்தான்.

யோகாவின் பலன்களை நான் குறைத்துப் பேசவில்லை, அதில்தான் என் வாழ்க்கையே ஓடுகிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சேர்த்தது. மந்திரம் ஓதும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குவதையும், அப்போது இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையாவதையும் 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டினார்கள். மாரடைப்பு வந்து மீண்டவர்களுக்கு யோகா பயிற்சி கொடுத்து, இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் 3,959 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2020இல் முடிவு வெளியானது. யோகா செய்தவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். மறுபடி மாரடைப்பு, மரணம் போன்றவை குறைந்ததாக அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும். கிடைத்ததைக் கிடைத்தது என்றும், தெளிவாகாததைத் தெளிவாகவில்லை என்றும் சொல்கிறது. சத்தியம் என்ற இயமத்தை நாம் இப்படித்தான் கடைப்பிடிக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் கட்டும் பிளக்ஸில் "சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய் குணமாகும்" என்று போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தவர்களைத் திருப்பி மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

அதேபோல் ஆசனத்துக்கும் ஆள் பார்க்க வேண்டும். சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று 2006இல் ஒரு ஆய்வு வெளியானது. கண் அழுத்த நோய் இருப்பவருக்கு அது ஆபத்து. பெரியவர்களுக்கான போட்டிப் பிரிவில் இதைக் கேட்டு எழுதி வாங்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஒரு படிவம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை.

இந்தப் பலன்களில் எதற்கும் உடம்பு முழுசாக வளைய வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். என் காலை வகுப்புக்குத் தையல் கடை வைத்திருக்கும் ஒருவர் வருகிறார். முப்பது வருஷமாக மிஷின் மேல் குனிந்தே இருந்தவர், தரையில் உட்கார முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கை உள்ளே போகும்வரை மெதுவாக மூச்சை விடுவார். அப்புறம் இரண்டு கையையும் மூச்சோடு மேலே தூக்கி இறக்குவார். முதலில் தோள்பட்டைதான் காதுவரை ஏறி இறங்கியது. வயிறு அசையவே இல்லை. இப்போது தோள் சும்மா இருக்கிறது, வயிறு வேலை செய்கிறது. ராத்திரி தூக்கம் வருகிறது என்கிறார். உங்கள் மதிப்பெண் தாளில் அவருக்குப் பூஜ்யம்தான் விழும். பதஞ்சலியின் அந்த மூன்று சூத்திரங்களில் அவர் நன்றாகவே தேறுவார்.

"போட்டி இல்லாவிட்டால் யார் யோகாவுக்கு வருவார்கள்?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. 2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 177 நாடுகள் முன்மொழிந்து ஜூன் 21 யோகா நாளானது. ஆனாலும் நம் பள்ளிகளில் அந்த ஒரு காலையோடு யோகா முடிந்துவிடுகிறது. வருஷம் முழுக்கப் பிள்ளைகளை விரிப்பில் வைத்திருப்பது போட்டிதான். மத்திய அரசு 2020 டிசம்பரில் யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளிலும் அது இருந்தது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பதக்கம் என்றால் அது மேல்படிப்புக்கும் வேலைக்கும் ஒரு படி. அந்தப் படியைப் பிடுங்க எனக்கு மனம் வராது. மேடையில் நின்று சமாளிக்கும் தைரியம் பிள்ளைகளுக்கு வருவதையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மேடையை விட்டுவிட்டு மதிப்பெண் தாளைப் பற்றிப் பேசுகிறேன். பிள்ளைகளும் பெற்றோரும் எதைப் பழகுவார்கள் என்பதை அந்த ஒற்றைத் தாள்தான் தீர்மானிக்கிறது. அதில் இருப்பதைத்தான் மாஸ்டர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். நாளைக்கே அதில் மூச்சு வந்தால், நாளன்றைக்கு எல்லா ஊர் வகுப்பிலும் மூச்சைப் பற்றிய பேச்சு வந்துவிடும்.

மூச்சை எப்படி அளப்பது என்று தயங்க வேண்டாம். ஆசனத்தில் நிற்கும்போது விலா ஏறி இறங்குவது பக்கத்தில் உட்கார்ந்த நடுவருக்குக் கண்ணுக்கே தெரியும். நேரத்தை விநாடியில் எண்ணுவதற்குப் பதிலாக மூச்சில் எண்ணலாம்: ஐந்து முழு மூச்சு, மூக்கு வழியாக, சத்தமில்லாமல். மூச்சை அடக்கியவருக்கும், கலைந்ததும் வாயால் இரைத்தவருக்கும் மதிப்பெண் குறையட்டும். நிலைக்குப் போகும் விதத்துக்கும், அதைவிட முக்கியமாகத் திரும்பி வரும் விதத்துக்கும் மதிப்பெண் வேண்டும். இறங்கும்போதும் காயம் ஆகலாம். பன்னிரண்டு வயதுக்குக் கீழே, முதுகைப் பின்னால் முழுவதும் மடக்கி உடல் பாரத்தைக் கழுத்திலும் தாடையிலும் ஏற்றும் ஆசனங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். புஜங்காசனமும் தனுராசனமும் திரிகோணாசனமும் விருட்சாசனமும் இருக்கின்றன, ஒரு பிள்ளையின் பக்குவத்தைப் பார்க்க அவையே தாராளம். விருப்ப ஆசனம் என்று ஒன்று வைத்து, அதில் யார் அதிகம் முறுக்குகிறார்களோ அவர்களுக்கு அள்ளிக் கொடுக்கும் முறையைக் கைவிடுங்கள். ஏற்கெனவே பயமுறுத்தும் நிலைகள் எல்லாம் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தன.

சவாசனத்தை ஒரு போட்டி ஆசனமாகவே வையுங்கள் என்றால் சிரிக்காதீர்கள், மனதாரத்தான் சொல்கிறேன். பத்துப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்து ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். யாருடைய விரல் துடிக்கிறது, யாருடைய கண்ணிமை படபடக்கிறது, யாருடைய வயிறு நிதானமாக ஏறி இறங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு ரொம்பக் கஷ்டமான ஆசனம் இதுதான்.

அப்புறம் அந்த "உலக சாதனை" விழாக்கள். ஆணிப் பலகையில், பானை மேல், கண்ணாடி டம்ளர் மேல், மொட்டை வெயிலில் மணிக்கணக்கில் ஒரே நிலையில் என்று பிள்ளைகளை நிறுத்தி, காசு கட்டினால் சான்றிதழ் தரும் ஏற்பாடுகள். இதைப் பற்றி நிறைய எழுத எனக்கு விருப்பமில்லை. உங்கள் சங்கத்தின் பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள், அந்தச் சான்றிதழைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வராவிட்டாலும் பரவாயில்லை.

போட்டி நாளின் ஏற்பாட்டிலும் ஒரு வேண்டுகோள். சின்னப் பிரிவை முதலில் முடித்து அனுப்புங்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை பிள்ளைகளை மேடையில் உட்கார வைக்காதீர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் நேரம் எழுதி முந்தின நாளே அனுப்பினால், எப்போது சாப்பாடு கொடுக்கலாம் என்று அம்மாக்களுக்குத் தெரியும். வயிற்றில் பாதி உணவு, கால் பங்கு தண்ணீர், கால் பங்கு வெறுமை என்று அளவு சொன்னதும் யோக நூல்தான். முழு வயிற்றையும் காயப் போடச் சொல்லவில்லை.

பெற்றோருக்கும் இந்த மடல் போய்ச் சேரும் என்று நம்புகிறேன். பிள்ளையை வகுப்பில் சேர்க்கும்போது "எத்தனை கப்பு வாங்கிக் கொடுப்பீங்க?" என்று கேட்பதற்கு முன்னால், வகுப்பு முடிந்து வரும்போது பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வாரம் பாருங்கள். நன்றாகத் தூங்குகிறாளா, பசியெடுத்துச் சாப்பிடுகிறாளா, பரீட்சை நேரத்துப் படபடப்பு குறைந்திருக்கிறதா, தம்பியிடம் எரிந்து விழுவது குறைந்திருக்கிறதா? இதெல்லாம் நடந்தால் அந்த வகுப்பில் யோகா நடக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், தயங்காமல் கேளுங்கள். மாஸ்டர் கோபித்துக்கொண்டால் வேறு வகுப்பு பாருங்கள்.

புதிய பருவத்துக்கான விதிகளைப் பெரும்பாலான சங்கங்கள் ஜூனுக்கு முன்பே கூடிப் பேசி முடிவு செய்கின்றன. இந்த முறை அந்தக் கூட்டத்துக்கு ஒரு குழந்தை மருத்துவரையும் ஒரு எலும்பு மருத்துவரையும் அழையுங்கள். வயதுவாரியான ஆசனப் பட்டியலை அவர்கள் முன்னால் வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூச்சுக்கான மதிப்பெண்ணை எல்லாப் பிரிவுக்கும் ஒரே நாளில் கொண்டுவருவது கஷ்டம் என்றால், பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் மட்டும் ஒரு பருவம் நடத்திப் பார்க்கலாம். அதற்கான மாதிரி மதிப்பெண் தாள் ஒன்றை நான் எழுதி வைத்திருக்கிறேன்; வேண்டுகிற சங்கத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். நடுவர்களுக்கு அதைப் பழக்கிக்காட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், அதற்கும் வருகிறேன்.

அன்புடன்,
உங்களோடு இதே தொழிலில் இருக்கும் ஒரு யோகா ஆசிரியை